காது தொட்ட வயது

பெருமாள் சார் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் கோவில்பட்டிக்குத் தெற்கே ஏழெட்டு ஊர்களில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தார்கள். பெற்ற தாய்மார்கள் வேறு வேறு மாதங்களில் வலி கண்டிருக்கலாம். அதைப் பற்றி சாருக்கு என்ன. பிள்ளையைச் சேர்க்கக் கூட்டி வருவார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடுல" என்பார். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது. ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். அந்தத் தேதியை வைத்துத்தான் அவர்கள் பிற்பாடு வேலைக்குப் போனார்கள், ஓட்டுப் போட்டார்கள், கடன் வாங்கினார்கள்.

சொந்த மகனுக்கும் அதையே செய்தார். நெல்லையப்பனுக்குக் கை கொஞ்சம் நீளம். தை மாதம் பிறந்தவனுக்கு முந்தின வருஷத்து ஜூன் ஒன்றைக் கொடுத்து, ஏழெட்டு மாதம் மூத்தவனாக்கி, ஒரு வருஷம் முன்னதாகவே ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு தேதி, வீட்டில் ஒரு தேதி என்றிருந்தால் தலைமையாசிரியருக்கு என்ன மரியாதை என்று பிறந்தநாள் பாயசத்தையும் ஜூனுக்கே மாற்றினார். கல்யாணத்துக்கு ஜாதகம் கணித்தவரும் அதே தேதிக்குக் கட்டம் போட்டார். சார் சொன்னால் கிரகங்களும் நகர்ந்து உட்கார்ந்த காலம் அது. தன் நிஜமான தேதி மகனுக்கே தெரியாது. பெற்றவளுக்குத் தெரியும், ஆனால் அவளை யார் கேட்டார்கள்.

கேட்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. மதுரையில், ஆண்களின் குறைகளை மட்டும் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஹெப்சிபாவின் எதிரே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெருமாள் சார், அவர் மனைவி ஆவுடையம்மாள், மகன் நெல்லையப்பன், மருமகள் செண்பகவல்லி.

அந்த அறைக்கு வந்து சேர ஏழு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை என்றால் பெண்ணைத்தானே சோதிப்பார்கள். செண்பகவல்லிக்கு ஊசி போட்டார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், வயிற்றில் துளை போட்டுக்கூடப் பார்த்தார்கள். கோயிலில் மண்சோறு தின்ன வைத்தார்கள். அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு சார் உறவுக்காரர்களிடம், "காய்க்காத மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கோம்" என்பார். சொந்தத்தில் வளைகாப்பு என்றால் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்வார். மகனைச் சோதிக்கலாம் என்று எந்த டாக்டராவது வாயைத் திறந்தால் அந்த டாக்டரை மாற்றிவிடுவார். கடைசியில் நெல்லையப்பன் யாருக்கும் சொல்லாமல் தானே போய் விந்துப் பரிசோதனை செய்துகொண்டான். அதில் ஓர் உயிரணு கூட இல்லை.

"பிறவிக் குறை இல்ல. பழைய காயம்" என்றார் டாக்டர் ஹெப்சிபா. "சின்ன வயசுல ஒரு பக்கத்து விதை முறுக்கிக்கிட்டிருக்கு. ரத்தக் குழாய் கயிறு மாதிரி திருகிக்கும். அடிபட்டு வரும், தூக்கத்துலயே கூட வரும். சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி அவுத்து விட்டா பொழச்சிரும். விட்டா அந்தப் பக்கம் செத்துரும். சில பேருக்கு உடம்பு அதோட நிக்காது, நல்லா இருக்கிற இன்னொரு பக்கத்தையும் எதிரியா நெனச்சுத் தாக்க ஆரம்பிச்சிரும். இவருக்கு அதுதான் நடந்திருக்கு."

"அப்படிப்பட்ட வலின்னா எனக்கு ஞாபகம் இருக்குமே" என்றான் நெல்லையப்பன்.

"பையங்க அந்த இடத்தைச் சொல்ல வெக்கப்பட்டு வயித்து வலின்னுதான் சொல்லுவாங்க. பெரியவங்களும் அப்படியே நம்பிருவாங்க. நாளாக ஆக நீங்களும் அதை வயித்து வலின்னே நம்பியிருப்பீங்க."

வயிற்று வலி என்றதும் ஆவுடையம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சார் அதைக் கவனிக்கவில்லை. அவள் தலையைத் தூக்குவதையும் குனிவதையும் கவனிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

டாக்டர் புதுச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பின்னோட்டம் என்று பேர் வைத்திருந்தார்கள். விதையில் மிச்சமிருக்கும் திசுவை மருந்து கொடுத்து வருஷக்கணக்கில் பின்னால் ஓட்டிக்கொண்டு போய், காயம் படுவதற்குச் சில வாரம் முன்னால் நிறுத்துவது. அங்கிருந்து அது காயமே படாத மாதிரி மறுபடி வளரும். காயம் எப்போது பட்டது என்று கண்டுபிடிக்க ஒரு மெஷின் இருந்தது.

"ஆனா மெஷினுக்குக் காலண்டர் தெரியாது. இந்த மனுஷன் இதுவரைக்கும் வாழ்ந்ததுல இத்தனை பங்கு கழிஞ்சப்ப காயம் பட்டிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். பொறந்த தேதியை நாம குடுத்தாத்தான் எந்த மாசம்னு கணக்குப் போட முடியும். அட்டையில ஜூன் ஒண்ணுன்னு இருக்கு. அதுதான் சரியான தேதியா? நம்ம பக்கத்துல நெறைய பேருக்கு ரெண்டு தேதி இருக்கும், அதான் கேக்கிறேன்."

"ஜூன் ஒண்ணுதான். நானே எழுதினது" என்றார் சார்.

இதில் பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிப் போயிருந்தது. டாக்டர் அந்தத் தேதியைத் தட்டினார். திரையில் மாதம் வந்தது. நெல்லையப்பன் ஒன்பதாவது படித்த வருஷத்து டிசம்பர்.

"ஹாஸ்டல்" என்றான் நெல்லையப்பன். "சாத்தூர் ஹாஸ்டல்ல கிரிக்கெட் பந்து பட்டுச்சு. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால."

சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பழி வீட்டை விட்டு வெளியே போனதில் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "ஹாஸ்டல்காரப் பய கவனிக்கல. இவனை நான் மாசாமாசம் போய்ப் பாத்துட்டு வந்தேன், ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

"தேதியில கவனமா இருங்க" என்றார் டாக்டர். "கொஞ்சம் கூடுதலா பின்னால போயிட்டா வயசுக்கு வராத சின்னப் பையனோட திசுவாயிரும். வளந்த உடம்பு அதை ஏத்துக்காது, மொத்தமா செத்துரும். பிள்ளைப்பேறு மட்டுமில்ல, ஆம்பளைக்கு உண்டான சுரப்பு எல்லாமே நின்னு போயி ஆயுசு பூரா ஊசியிலதான் ஓட்டணும். இந்தச் சிகிச்சையை ஒரு தடவைதான் செய்ய முடியும். நாலஞ்சு மாசம் பிசகினாலே போச்சு."

திரும்பி வரும்போது விருதுநகருக்கு முன்னால் காரை நிறுத்தி டீ குடித்தார்கள். நெல்லையப்பனும் செண்பகவல்லியும் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவன் என்னவோ சொல்ல அவள் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே சாருக்கு மறந்து போயிருந்தது.

"என்னங்க, அந்தத் தேதி தப்புல்லா" என்றாள் ஆவுடையம்மாள்.

"எந்தத் தேதி?"

"அவன் தையில பொறந்தவன். பொங்கல் கழிஞ்ச மறுவாரம். நீங்க ஜூன்னு சொல்லிட்டு வந்துட்டிய."

சார் கணக்கு வாத்தியார். விரலை மடக்காமலே கணக்கைப் போட்டார். பிறந்த தேதி ஏழெட்டு மாதம் தள்ளிப் போனால், மெஷினின் பங்குக் கணக்கில் காயம் பட்ட மாதமும் நாலைந்து மாதம் தள்ளிப் போகும். டிசம்பர் போய் மே வந்தது. மே மாதம் ஹாஸ்டல் லீவு. பையன் வீட்டில் இருந்த மாதம்.

 அந்த லீவு அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இனிமேல் ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன், வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று முதல் நாள் பையன் அடம் பிடித்திருந்தான். மறுநாள் காலையில் வயிற்று வலி என்று சுருண்டு கிடந்தான். போகாமல் இருக்க நடிக்கிறான் என்று சாருக்குத் தோன்றியது. தோன்றியது என்றால் அப்புறம் அது மாறாது. டியூஷன் பிள்ளைகள் பார்க்க முற்றத்து வெயிலில் முட்டி போட வைத்தார். பையன் வாந்தி எடுத்தான். "மாங்காயைத் தின்னுட்டு நாடகமா போடுத?" என்றார். மத்தியானம் ஆவுடையம்மாள் அவர் காதருகே வந்து, வயிற்றில் இல்லை, அந்த இடத்தில்தான் வலிக்கிறதாம், வீங்கியிருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்றாள். "எவன்கிட்டயோ வேட்டியை அவுத்துக் காட்டவா? மானம் போகும். கெடக்கட்டும்" என்றார். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. தான் சொன்னது சரியாகிவிட்டது என்று அன்றைக்கு அவருக்கு ஒரு திருப்தி கூட இருந்தது.

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுத் தேதியை மாத்திச் சொல்லிருங்க. அது போதும்" என்றாள் ஆவுடையம்மாள்.

"தேதி மாறினா மாசம் மாறும். மாசம் மாறினா அவன் என்னைப் பாத்துக் கேப்பான்."

"கேக்கட்டும். புள்ளையா பெருசு, நீங்களா பெருசு?"

அவள் அப்படிக் கேட்டது அவருக்குப் புதிது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "என்னை மட்டுமாட்டி கேப்பான்? எங்க வலிக்குன்னு அவன் உன்கிட்டதானே சொன்னான். நீ பெத்தவதானே, நீ ஏன் தூக்கிட்டு ஓடல? பஸ் இல்லையா, கால் இல்லையா உனக்கு? முதல்ல நீ அதுக்குப் பதில் சொல்லு."

ஆவுடையம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.  ஒரு மனுஷியை எங்கே தொட்டால் வாய் அடைக்கும் என்பதை அறிந்து வைத்திருப்பதில் சார் கெட்டிக்காரர்.

கார் சாத்தூரை நெருங்கியதும், "ஊருக்குள்ள விடு. ஹாஸ்டல் வார்டன் மரியசூசை வீட்டுக்குப் போகணும்" என்றார்.

"வேண்டாம்பா. வயசானவரு. இப்பப் போயி என்ன கேக்க?"

"கேக்காம விட்டா நான் என்ன அப்பன்?"

வார்டன் மரியசூசைக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. பேரப்பிள்ளைகள் நடுவில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், நெல்லையப்பனின் குரலைக் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். சார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தெரு கேட்கச் சொன்னார். உன்னை நம்பிப் பிள்ளையை விட்டேன், வம்சத்தையே அறுத்துவிட்டாய், நீ செபம் பண்ணுகிற வாயால் இதற்குப் பதில் சொல் என்றார். பேரப்பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்தார்கள்.

"பந்து பட்ட அன்னிக்கு நான் ஐஸ் வச்சேன், சார்" என்றார் மரியசூசை. "டாக்டர்கிட்டயும் காட்டினேன். ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு. நான் இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டியிருக்கணும். என் புத்தி கெட்டுப் போச்சு. ஐயா நெல்லையப்பா, என்னை மன்னிச்சிரு." கையை நீட்டித் துழாவினார். நெல்லையப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கிழவர் குலுங்கி அழுதார்.

செய்யாத குற்றத்துக்கு ஒருவன் இப்படி அழுவதைப் பார்க்க சாருக்கு உள்ளூர ஒரு நடுக்கம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் வந்தது. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு மே மாதத்தை யார் தேடப் போகிறார்கள். வாசலில் நின்ற ஆவுடையம்மாள் வார்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் சிகிச்சை தொடங்கும் நாள். அதற்குள் சார் தன் மனசுக்கு நிறையக் கணக்குச் சொல்லியிருந்தார். டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் பயமுறுத்துவார்கள், நாலைந்து மாதத்தில் என்ன வந்துவிடும், கடவுள் பார்த்துக்கொள்வார். தான் பார்க்க வேண்டியதைக் கடவுள் தலையில் கட்டுவதும் ஒரு வசதிதான்.

டாக்டர் ஹெப்சிபா கடைசியாக ஒரு முறை கேட்டார். "ஜூன் ஒண்ணு. மாத்தணும்னா இப்பவே சொல்லிருங்க. மருந்து ஏத்தின பிறகு ஒண்ணும் பண்ண முடியாது."

நெல்லையப்பன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். "எங்கப்பா எழுதினா தப்பா இருக்காது டாக்டர்."

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் அவர் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அது வந்த வழியே திரும்பிப் போனது.

"சரிதான்" என்றார்.

மகனை உள்ளே அழைத்துப் போனார்கள். செண்பகவல்லி கதவருகே நின்றாள். ஆவுடையம்மாள் பாத்ரூம் போய்வருகிறேன் என்று எழுந்து போனாள். வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து நெல்லையப்பன் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்று சொன்னான். "சரியா வரலப்பா." அவ்வளவுதான். காரணம் எதுவும் சொல்லவில்லை. சாரும் கேட்கவில்லை, கேட்டால் காரணம் வந்துவிடும். செண்பகவல்லி உள்ளே வந்து தன் சேலைகளையெல்லாம் பெட்டியில் அடுக்கினாள். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அதன்பிறகு சாருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் ஹாஸ்டல்காரன் கெடுத்த கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. மகன் ஓசூரில் ஏதோ ஓர் அறையில் தொடையில் ஊசி போட்டுக்கொள்வதை நினைத்துக்கொள்வார். முப்பத்தைந்து வயது மனுஷன், அவர் கையால் சிறு பையனாக்கப்பட்டவன். ஒரு முறை மனைவியிடம், "ஊசி ஒழுங்கா போட்டுக்கிடுதானா?" என்று கேட்டார். "போட்டுக்கிடுதான்" என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கியபடி. அவள் இப்போதெல்லாம் அடிக்கடி சாத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். ஒரு தடவை, அக்கா மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள். அவர் கஞ்சி வைத்துக் குடித்தார். தனக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. ஒரு நாள் முடிவெட்டும் கடையில் பழைய மாணவன் சீனிராஜ் உட்கார்ந்திருந்தான். அவனும் ஜூன் ஒன்றுதான். இப்போது சாத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான்.

"சார், பேரன் பொறந்ததுக்கு முட்டாய் கூடக் கொடுக்கலையே நீங்க" என்றான்.

"யாருக்குல பேரன்?"

"வெளையாடுதியளா. நம்ம நெல்லையப்பன் மவன்தான். எங்க தெருவுல வார்டன் மரியசூசை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாவளே. வார்டன் மடியிலதான் கெடந்தான் பய. அவரு தடவித் தடவிப் பாத்து அழுதுக்கிட்டே இருந்தாரு. உங்க வீட்டு அம்மாவும் கூட இருந்தாவ. உங்க மூக்கு அப்படியே."

பாதி வெட்டிய முடியோடு சார் வீட்டுக்கு நடந்தார். ஆவுடையம்மாள் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டர்கிட்ட நீ சொன்னியா?"

"சொன்னேன். நீங்க சரிதான்னு சொன்ன அன்னிக்கே. பாத்ரூம் போறேன்னு போனேன்லா."

"என்னத்தச் சொன்ன?"

"எல்லாத்தையும். தைன்னு சொன்னேன். நீங்க வெயில்ல முட்டி போட வச்சதைச் சொன்னேன். நான் தூக்கிட்டு ஓடாம நின்னதையும் சொன்னேன். அவனை வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். ஆறு மாசம் எங்கூடப் பேசல அவன். செண்பகாவுக்குத் தரிச்சப்புறம்தான் அம்மான்னு கூப்பிட்டான்."

"உன்கிட்ட பேசுதான்."

"நான் சொன்னேன்லா."

அவர் தரையில் உட்கார்ந்தார். வம்சம் அறுந்து போகவில்லை. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனசு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவும் செய்தது. அப்புறம்தான் அந்த ஒன்றரை வருஷமும் ஞாபகத்துக்கு வந்தது.

"சரியா வரலன்னு ஏன் எங்கிட்ட பொய் சொன்னான்? ஒன்றரை வருஷமா நான் செத்துக்கிட்டு இருக்கேன். நீ தினம் சோறு போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டுதானே இருந்த?"

"அது செண்பகா சொன்னது" என்றாள் ஆவுடையம்மாள். "ஏழு வருஷம் நான் அப்படி இருந்தேன், மாமாவும் ஏழு வருஷம் இருக்கட்டும், அப்புறம் சொல்லுங்கன்னா. பெறகு நானும் அவனும் என்ன பேச முடியும்? இன்னும் அஞ்சரை வருஷம் இருக்கு. சீனிராஜ் கெடுத்துட்டான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.   சார் ஒன்றை மட்டும் கேட்டார்.

"என்னைக்குப் பொறந்தான்?"

ஆவுடையம்மாள் நறுக்கிய காயைச் சட்டியில் தள்ளினாள்.

"எதுக்கு?" என்றாள். "எழுதவா?"

 அவள் தேதியைச் சொல்லவில்லை.